ஐம்பத்திரண்டு கிலோ

அந்த நாவல் எனக்குத் தோன்றிய நேரத்தை என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும். ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் வராந்தா. ஒரு மாதமாக விடாத இருமல், சாயங்காலமானால் ஏறும் காய்ச்சல், முந்தின நாள் கைக்குட்டையில் ஒரு பொட்டு ரத்தம். நர்ஸ் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். பெயர் கேட்டார், சாரதா என்றேன். வயது கேட்டார், இருபத்தைந்து என்றேன். எடை கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னாள்:

"அம்பத்திரண்டு."

நர்ஸ் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். போன வருஷம் தைத்த ஜாக்கெட்டின் கை என் புஜத்தில் கொடியில் காயப்போட்டதுபோல் தொங்கியது. கழுத்தெலும்பு இரண்டும் வெளியே தெரிந்தன. எடை பார்க்கும் இயந்திரம் நாலடி தள்ளி நின்றது; அதன்மேல் யாரோ வீட்டுக்குப் போகிறவர்கள் மூட்டையும் பிளாஸ்க்கும் வைத்திருந்தார்கள். நர்ஸ் அந்த மூட்டையையும் பார்த்தார். பிறகு குனிந்து 52 என்று எழுதினார்.

ஐம்பத்திரண்டு என்பது என் ஜாதகத்தோடு போகும் தாளில் உள்ள எண். மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கும் அப்பா, ஆபீஸ் மெஷினிலேயே அடித்து எடுத்து வந்த தாள். உயரம் ஐந்தடி மூன்று, எடை ஐம்பத்திரண்டு, நிறம் மாநிறத்துக்கு மேல், குணம் அடக்கம். நோய் வருவதற்கு முன்னாலேயே நான் நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அந்தத் தாள் அப்போது வன்னியம்பட்டியில் ஒரு வீட்டில் இருந்தது. எங்கள் கெட்ட காலம், அந்த வீட்டுக்கு ஒன்றுவிட்ட உறவான ஒரு அம்மாள், முழங்கால் வலிக்கு வந்தவள், அதே பெஞ்சில் எங்களுக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளிடம் "லேசா சளி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி முடித்த மறுநிமிஷம்தான் நர்ஸ் எடை கேட்டது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. காய்ச்சலில் இல்லை. ஒரு பெண்ணைப் பற்றிய தாள் வீடு வீடாகப் போகிறது. அதில் உள்ளவை எல்லாம் பொய். தாளில் இருப்பவளுக்கு எல்லாரும் சம்மதம் சொல்கிறார்கள். இவளை ஒருவரும் பார்க்கவில்லை. நாவல் முழுசாக வந்து என் முன்னால் நின்றது. பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினேன்: "52. நர்ஸின் பார்வை. மூட்டை."

எடையைத் திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போது நான் ஒரு டுடோரியல் காலேஜில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, பத்திரிகைகளில் ஏழு சிறுகதை வெளியாகி, எட்டாவது கதைக்குள் உலகம் என்னைக் கண்டுகொள்ளும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். சென்னையில் ஒரு பதிப்பகத்தார் கார்டு போட்டிருந்தார்கள்: நாவல் இருந்தால் கார்த்திகை முடிவதற்குள் அனுப்புங்கள், தையில் அச்சுக்குப் போகும். நாவல் இல்லை. அன்று பதினோரு மணிக்குக் கிடைத்துவிட்டது. பன்னிரண்டரைக்கு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "காசநோய். இடது பக்கம் நீர் கோத்திருக்கு. இன்னைக்கே சேர்த்துருங்க" என்றார். அம்மா முதலில் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் அழுதாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த நோய்க்கு எல்லா மாத்திரையும் இலவசம். ஆனால் அங்கே வரிசையில் நிற்கவேண்டும், வரிசையில் நிற்பவர்களை ஊர் பார்க்கும். நாங்கள் விலை கொடுத்து வாங்கினோம். மாத்திரைக்கு மட்டுமல்ல, யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கும் சேர்த்து.

பத்து நாள் படுக்கை. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய படலங்கள் உண்டாம், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு இருக்குமாம்; நடுவில் நீர் சேர்ந்தால் நுரையீரல் விரிய இடமில்லாமல் மூச்சு முட்டும். அதை எடுக்க நாற்காலியில் என்னைத் திருப்பி உட்காரவைத்தார்கள். முதுகுத்தட்டின்மேல் தலையணையை வைத்து அதைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசி. "இருமக்கூடாது" என்றார் டாக்டர். அதுவரை வராத இருமல் அப்போதுதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். பாட்டிலில் ஏறிய நீர் வெளிறிய தேன் நிறத்தில், பார்க்க ரொம்ப யோக்கியமாக இருந்தது. மூன்று நாள் காலையில் பல் விளக்குமுன் சளியைக் காறி டப்பாவில் பிடித்துக் கொடுக்கவேண்டும். அதில் கிருமி இருக்கிறதா என்று கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்ப்பார்கள். தினமும் இடுப்பில் ஓர் ஊசி, கூடவே கைநிறைய மாத்திரைகள். அதில் ஒரு சிவப்பு மாத்திரை சிறுநீரையே சிவப்பாக்கிவிடும். முதல் நாள் பயந்து கத்தினேன். நர்ஸ் கதவுக்கு வெளியிலிருந்தே, "அது மருந்து கலரு, கத்தாதீங்க" என்றார். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்வதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை.

கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. பெயர், வயது, எடை. பத்து நாளும் 52 என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் தினமும் அதைப் புரட்டினார். "எடைக்குத் தக்கபடிதான் மாத்திரை" என்று ஒரு நாள் அப்பாவிடம் சொல்லவும் செய்தார். அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. நான் முதல் அத்தியாயத்தின் மூன்றாவது பக்கத்தில் இருந்தேன். அந்த எண்ணை ரசித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மை அதுதான்.

பார்க்க வந்தவள் ஒருத்திதான், கதீஜா. கல்லூரியில் என்னோடு படித்தவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுடைய அத்தா நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வீட்டில் என் தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனியாகப் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். கையில் பால்கோவாப் பொட்டலம்.

"ஏட்டி, உனக்கு என்ன நோவுன்னு கேட்டா உங்கம்மா மழை வரும்போல இருக்குங்காவ."

"தள்ளி உக்காரு. ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும். நாவல் எழுத வருதான்னு பாப்போம்."

நாவலை அவள்தான் அடித்துத் தருவதாகப் பேச்சு. இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் மெஷின்களுக்கு வரிசை நிற்கும். தமிழ் மெஷின் ஒன்று மத்தியானம் முழுக்கச் சும்மா கிடக்கும். என் எழுத்து முறை அவளுக்குத் தெரியும். முதலில் நீல மையில் தடதடவென்று எழுதிவிடுவேன். இரண்டு நாள் கழித்து இரண்டு பேனாவோடு உட்காருவேன். இருக்கவேண்டிய பத்தியின் ஓரத்தில் பச்சைக் கோடு, போகவேண்டியதற்குச் சிவப்புக் கோடு. அடித்தல் திருத்தல் கிடையாது. பச்சையை டைப் அடி, சிவப்பை விட்டுவிடு. கதீஜா கேள்வியே கேட்கமாட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகு புரட்டாசி முழுக்க எழுதினேன். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, ஒரு மணி நேரம் குமட்டல், அப்புறம் எழுத்து. பத்து மணிக்கு அம்மா கஞ்சியும் முட்டையும் கதவோரம் வைத்துவிட்டுப் போவாள். அப்பா மில்லிலிருந்து ஒருபக்கத் தாள் கொண்டுவருவார். பின்பக்கத்தில் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்ற கணக்கு இருக்கும். வாரம் ஒருமுறை அப்பா சைக்கிளில் பஸ் ஸ்டாண்டு போய், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸேறி, நான் எழுதிய தாள்களைக் கதீஜாவிடம் கொடுத்துவிட்டு வருவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். போகுமுன் தாள்களை மஞ்சப்பையில் வைத்து, மேலே ஒரு பாலிதீன் சுற்றி, நூல் கட்டுவார். அவ்வளவுதான் அவருடைய இலக்கிய அபிப்பிராயம். அது போதுமாக இருந்தது.

ஐப்பசியில் சில விஷயங்கள் நடந்தன. நடந்தபோது எதுவும் விஷயமாகத் தெரியவில்லை. சிறுநீரின் சிவப்பு மங்கிக்கொண்டு வந்தது. மருந்து உடம்போடு ஒத்துப்போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். தீபாவளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் கொளுத்திய மத்தாப்பு எல்லாம் ஒரே சேற்று நிறமாக எரிந்தது. சிவகாசி பக்கத்தில் இருந்துகொண்டே இப்படி மட்டமான சரக்கை வாங்கியிருக்கிறார்களே என்று நினைத்தேன். எழுதும்போது எழுத்தின் நடுவில் லேசாகப் புகை படிந்தது. மழை இருட்டு என்றேன். அம்மா லைட்டைப் போட்டாள்.

தீபாவளி முடிந்து நாலாவது நாள் கதீஜா நேரே வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும்போதே சத்தம்.

"ஏலா சாரதா, உனக்கு மூளை கழண்டுபோச்சா? பதினொண்ணாவது அத்தியாயத்துல அந்தப் புள்ள தராசு மேல ஏறுற இடத்த எதுக்குத் தூக்கச் சொன்ன? நாலு பக்கம் முறுக்கு சுடுறதப் பத்தி எழுதியிருக்கியே, அதை வச்சிக்கிடணுமாம்!"

"நான் முறுக்கைத்தான் தூக்கச் சொன்னேன்."

"பாரு, நீயே பாரு. முறுக்குக்குப் பச்சை. தராசுக்குச் சிவப்பு. பத்தாவதும் இப்படித்தான் தலைகீழா இருந்திச்சு. சரி, பெரிய எழுத்தாளினி என்னமோ புதுசா பண்ணுதாபோலன்னு அடிச்சுத் தொலைச்சேன்."

தாளை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு கோடுகள். இரண்டும் ஒரே கோடு. காய்ந்த புளியின் நிறம்.

"இதுல எது பச்சை?" என்றேன்.

கதீஜா சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். மேஜையில் இருந்த இரண்டு பேனாவையும் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் ஒன்றைத் தொட்டேன். அவள் இரண்டையும் மெதுவாக மேஜையில் வைத்தாள். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் அரசாங்க ஆஸ்பத்திரி. எந்த வரிசைக்குப் பயந்து இவ்வளவும் செய்தோமோ அந்த வரிசையில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். கண் டாக்டர் ஓர் அம்மாள். குரலை உயர்த்தாமல் பேசுபவர். ஒரு புத்தகத்தைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள், புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் பன்னிரண்டு தெரிந்தது. அது எல்லாருக்கும் தெரியும் பக்கமாம். அடுத்தடுத்த பக்கங்களில் எனக்குத் தெரிந்தது வெறும் கூழாங்கல். பக்கத்தில் நின்ற அம்மா மெதுவாக, "எட்டு" என்று முணுமுணுத்தாள்.

"நீங்க சொல்லாதீங்கம்மா" என்றார் டாக்டர். "என்னென்ன மாத்திரை?"

சீட்டைக் கொடுத்தேன். ஒரு மாத்திரையின்மேல் விரலை வைத்தார். எதாம்பியூட்டால். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை அது சிலருக்குத் தாக்கும். முதலில் போவது நிறம், அதிலும் சிவப்பும் பச்சையும். அளவு கூடினால் அபாயமும் கூடும். உடனே நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும், மாதக்கணக்காகலாம். சிலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை.

"இது அம்பது கிலோவுக்கு மேல இருக்கிறவங்களுக்குக் குடுக்கிற அளவு. உங்க எடை என்ன?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றேன். இருபத்தைந்து வயதில் என் எடை எனக்குத் தெரியாது. அங்கேயே ஏற்றிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு. இரண்டரை மாதம் முட்டை தின்று தேறியதற்குப் பிறகு முப்பத்தெட்டு.

வெளியே வந்ததும், கூட வந்திருந்த கதீஜா என்னைப் பஸ் ஸ்டாண்டில் காசு போடும் எடை மெஷின்மேல் ஏற்றினாள். இன்னொரு சாட்சி வேண்டும் என்றாள். சுற்றி ஓடிய விளக்குகள் எல்லாம் எனக்கு அழுக்காக மினுங்கின. டிக்கெட் விழுந்தது. 38. பின்பக்கத்தில்: "உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும் நேரம்."

அம்மா அங்கேயே, பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கும் இடத்தில், என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்னத்தக் கண்டேன்? எடைக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும்னு எனக்கு எவ சொன்னா? அவ பக்கத்துல உக்காந்திருந்தாளே, என்ன பண்ணச் சொல்லுத? நாப்பதுக்குக் கீழன்னு சொன்னா சாயங்காலமே வன்னியம்பட்டிக்குப் போயிருக்குமே!"

"அதுக்குப் பொறவு பத்து நாள் இருந்துச்சேம்மா."

"உனக்கு வாயில்லையா? நீ படிச்சவதான?"

டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பழைய டாக்டரிடம் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எடை நீங்க சொன்னதுதானே?" என்றார். கண்ணில் ஏதாவது மாறினால் உடனே வரவேண்டும் என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எல்லாருக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டிருக்க முடியுமா? பயந்து மாத்திரையை நிறுத்திருவாங்க." சீட்டில் ஒரு வரியை அடித்தார். அவ்வளவுதான். வெளியே வரும்போது பார்த்தேன், எடை மெஷின்மேல் வேறொரு மூட்டை.

கார்த்திகை முழுக்க எழுத முடியவில்லை. எழுத்தின் நடுவில் இருந்த புகை, நான் எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அதையே தேடி வந்து மூடியது. கண் போய்விடும் என்று நினைத்த நாட்கள் உண்டு. கதை நின்றுவிடும் என்பதுதான் அதைவிடப் பெரிய பயமாக இருந்தது, இதைச் சொல்ல வெட்கமில்லை. பதிப்பகத்துக்கு நிலைமையை எழுதினேன். உடல்நலம் பேணுங்கள், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று பதில் வந்தது. ஒன்றரை வரி.

அந்த நாட்களில் அம்மா புதிதாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். தினமும் காலையில் சமையற்கட்டிலிருந்து ஒரு தக்காளியோ மிளகாயோ எடுத்து வந்து, வாசல் வெளிச்சத்தில் என்முன் நீட்டுவாள்.

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"சரிதான்."

மறுநாள், "பச்சை." "சரிதான்." இரண்டு வாரம் ஒரு தப்புக்கூட இல்லை. கண் திரும்பிவிட்டது என்று கதீஜாவுக்குக் கார்டு போட்டேன். அவள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அம்மா வழக்கம்போல் ஒரு மிளகாயை நீட்டினாள். "சிவப்பு" என்றேன். "சரிதான்" என்றாள் அம்மா.

"அம்மா, அது பச்சை மிளகால்ல?" என்றாள் கதீஜா.

அம்மா மிளகாயை முந்தானைக்குள் மறைத்தாள். பதினைந்து நாளாக நான் எத்தனை தப்புச் சொன்னேன் என்று கேட்டேன். எண்ணவில்லை என்றாள். "புள்ள மனசு உடைஞ்சிரக் கூடாதேன்னு" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. பஸ் ஸ்டாண்டில்கூட வரவில்லை. அந்த ஐம்பத்திரண்டையாவது வன்னியம்பட்டிக்காக என்று வைத்துக்கொள்ளலாம். இது எனக்கே சொன்னது. அன்பு என்று இதற்குப் பெயர் வைத்தால் அந்த மாத்திரைக்கும் அதே பெயர்தான் வைக்கவேண்டும். இதைச் சொல்லிவிட்டேன். அம்மா மூன்று நாள் பேசவில்லை. ஆனால் கஞ்சி மட்டும் கதவோரத்தில் இல்லாமல் என் மேஜைக்கே வந்தது.

இப்போது மார்கழி. புகை பெரும்பாலும் விலகிவிட்டது. சிவப்பு, செங்கல் அளவுக்குத் திரும்பியிருக்கிறது. பச்சை இன்னும் தயங்கிக்கொண்டிருக்கிறது. மீதி மாத்திரைகள் பங்குனி வரைக்கும் தொடரவேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில்தான் வாங்குகிறேன், வரிசையில் நின்று, முகத்தை மூடாமல்; ஒவ்வொரு தடவையும் எடை மெஷினில் ஏறிப் பார்த்துவிட்டு. வண்ணப் புள்ளிப் புத்தகத்தில் மூன்று பக்கம் இப்போது படிக்க வருகிறது. இந்த மருந்து சாப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றே ஒன்று செய்யுங்கள்: தினமும் ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் பாருங்கள். உங்கள்மேல் பிரியம் இல்லாத ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

வன்னியம்பட்டியிலிருந்து தை இரண்டாவது வாரம் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. அப்பா ஆபீஸில் புதிதாக அடித்து வந்த தாளை ஜாதகத்தோடு சொருகியதைப் பார்த்தேன். அதை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

நாவலை முதலிலிருந்து எழுதப்போகிறேன். பச்சையும் சிவப்பும் கிடையாது, பென்சிலும் ரப்பரும்தான். அம்மா பொய் சொல்லும் இடத்தில் தொடங்கியிருந்தேன். அது எனக்குச் சௌகரியமான தொடக்கம். இனி, பக்கத்தில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதிக்கொள்கிறவளிடமிருந்து தொடங்கும்.

நாளை காலை எட்டு மணி பஸ்ஸில் நானே ஸ்ரீவில்லிபுத்தூர் போகிறேன். பையில் இரண்டு தாள். ஒன்று முதல் அத்தியாயத்தின் முதல் பக்கம். இன்னொன்று வன்னியம்பட்டிக்கு, நோயின் பெயர், மாத்திரை முடியும் மாதம், கண்ணின் நிலை எல்லாம் எழுதியிருக்கிறேன். இரண்டையும் கதீஜாதான் அடிக்கவேண்டும். இரண்டிலும் எடை நாற்பத்தொன்று.